சிப்பிப்பாறைக் கலப்பு நாயைத் தத்தெடுக்கலாமா?

கேள்வி: விலங்குக் காப்பகம் ஒன்றில், சிப்பிப்பாறையும் தெருநாயும் கலந்த இரண்டு வயது ஆண் நாயைப் பார்த்தோம். எனக்கும் எட்டு வயது மகனுக்கும் மிகவும் பிடித்துவிட்டது. ஆனால், "வளர்ந்த கலப்பு நாயின் குணம் தெரியாது, குட்டியாக வாங்குவோம்" என்கிறார் கணவர். வீட்டில் மாமியார் கோழி வளர்க்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, குணம் தெரியாது என்ற அச்சம் வளர்ந்த நாயைவிடக் குட்டிக்குத்தான் பொருந்தும். இரண்டு வயதில் ஒரு நாயின் உயரம், வேகம், புதியவரிடம் பழகும் விதம் எல்லாவற்றையும் நேரிலேயே பார்த்துவிடலாம். மகனுடன் வெவ்வேறு நேரங்களில் மூன்று நான்கு முறை போய் வாருங்கள். சாப்பிடும்போது அருகில் ஆள் வந்தால் உறுமுகிறதா, பிள்ளைகளின் சத்தத்துக்கு மிரள்கிறதா என்று, தினமும் அதற்குச் சோறு வைப்பவரிடம் கேளுங்கள்.

என் கவலையெல்லாம் கோழிகளைப் பற்றியதுதான். தென் மாவட்டங்களின் கரிசல் காடுகளில் முயல் துரத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது சிப்பிப்பாறை. மோப்பத்தைவிடப் பார்வையை நம்பும் இந்த நாய், கண்முன் ஏதாவது ஓடினால், நீங்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பாமல் பாய்ந்துவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று முயல் வேட்டை குற்றம் என்றாலும், துரத்தும் இயல்பு அந்த ரத்தத்தில் அப்படியேதான் இருக்கிறது. தெருநாய்க் கலப்பால் அது குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். அடித்துத் திருத்த முயன்றால் நாய் உங்களைக் கண்டு அஞ்சுமே தவிர, கோழியை மறக்காது. ஆகவே கோழிகளுக்குக் கம்பிவலை அடைப்பு முதலில் தயாராகட்டும். நாய் பிறகு வரட்டும்.

நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போடுவது இத்தகைய நாய்க்கு நீங்கள் செய்யும் பெரும் கொடுமை. காலையும் மாலையும் நீண்ட நடையும், உயர்ந்த சுற்றுச்சுவருக்குள் ஓடித் தீர்க்கும் வாய்ப்பும் வேண்டும். இதன் தலை ஒடுங்கியது என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து எளிதாக நழுவிக்கொள்ளும். மார்போடு சேர்த்து மாட்டும் பட்டை வாங்குங்கள். விலா எலும்பு லேசாகத் தெரிவது இதன் உடல்வாகு. பட்டினி கிடந்த நாய் என்று இரங்கி அளவுக்கு மீறி ஊட்ட வேண்டாம்.

வெறிநோய்த் தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றின் சான்றுகளைக் கேட்டு வாங்கி, கால்நடை மருத்துவரிடம் காட்டி, உண்ணிக்காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். முதல் சில நாட்கள் அது உண்ணாமல் மூலையில் ஒதுங்கிக் கிடக்கலாம்; வீட்டோடு முழுமையாக ஒட்டுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை உறவினர்களுக்கு வேடிக்கை காட்டாமல், மகனுடன் தனியாகவும் விடாமல், அதன் போக்கில் பழக விடுங்கள்.

அடைப்பு கட்ட மாமியார் சம்மதிக்காவிட்டால், இந்த நாயை ஓட இடமுள்ள வேறொரு வீட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அதே காப்பகத்தில் சாதுவான நாட்டு நாய் ஒன்றைக் கேளுங்கள். அடுத்த முறை போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.