10 வயதுப் பையனுக்கு நீளமான ஸ்கீ வேண்டாம்

வணக்கம் அண்ணா. மகன் ஸ்லாலத்தில் (கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் பனிச்சறுக்குப் போட்டியில்) கடைசியாக வருகிறான், நீளமான ஸ்கீ, அதாவது சறுக்குப் பலகை, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். அவன் எடைக்கு அது வளையாது; திருப்பத்தில் பின்னால் சாய்வான், அந்தப் பழக்கம் லேசில் போகாது. ஒரு நாள் சரிவோரம் நின்று பாருங்கள்: திரும்பும்போது முழங்கால் முன்னே மடங்கி, கணுக்காலுக்கு மேலே காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கை அழுத்துகிறதா? இல்லையென்றால் கோளாறு அங்கேதான்.

பயிற்சியாளர் எப்போதும் கம்பங்களுக்கு நடுவிலேயே ஓட்டுகிறார் என்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை. ஒற்றைக் காலில் சறுக்குவது, ஊன்றுகோல் இல்லாமல் இறங்குவது எல்லாம் செய்யச் சொல்லுங்கள். நார்வேயில் 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியலே கிடையாது. அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரினும் சிறுவயதில் போட்டிகளைவிடப் பயிற்சிக்கே அதிக நேரம் கொடுத்தவர். 18 வயதில், 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில், ஸ்லாலம் தங்கம் வென்றார். அப்புறம், வீடு திரும்பும் வழியில் எத்தனை நொடியில் இறங்கினாய் என்று அவனிடம் கேட்காதீர்கள்.