கரண்ட் போய் வந்ததும் உபுண்டு ஏறவில்லை: பல்லடம் அண்ணாவுக்குப் பதில்

அண்ணா, விசைத்தறிக் கணக்கு இருக்கும் உபுண்டு (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்) கணினி, கரண்ட் போய் வந்ததும் கருப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' (initramfs) என்று நிற்கிறது என்றீங்க. பதறி ஃபார்மட் மட்டும் பண்ணிடாதீங்க. பெரும்பாலும் கணக்கு பத்திரமாகத்தான் இருக்கும். வட்டில் எழுதும்போது மின்சாரம் நின்றதால் கோப்பு அமைப்பு, அதாவது எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்குன்னு வைக்கிற ஒழுங்கு, குலைந்திருக்கும்.

அங்கேயே 'எக்ஸிட்' (exit) அடியுங்க. பழுது வட்டின் எந்தப் பகுதியில் என்று பெயர் காட்டும், எஸ்டிஏ2 (/dev/sda2) என்பது போல. கோப்பு அமைப்பைச் சரிபார்த்துப் பழுது நீக்கும் 'எஃப்எஸ்சிகே' கட்டளையோடு, சிறு கோடு போட்ட 'ஒய்', அப்புறம் திரையில் வந்த முழுப் பெயரைக் கொடுங்க (fsck -y /dev/sda2 என்பது போல). முடிந்ததும் மறுபடி 'எக்ஸிட்'.

வட்டில் டக்டக்கென்று சத்தம் கேட்டால் இதைச் செய்யவே வேண்டாம். லைவ் யூஎஸ்பியில் (வட்டைத் தொடாமல் உபுண்டுவை நேரே ஓட்டும் பென்டிரைவ்) ஏற்றி, முதலில் கணக்கை நகலெடுங்க. சோமனூரில் எங்கள் தறிக்கூடத்திலும் இதேதான் நடந்தது. யூபிஎஸ் வைத்தபின் வரவில்லைங்க.