நாய்க்குட்டியின் பல் சிகிச்சைக்கு அவசரகால நிதியை எடுக்கலாமா?

கேள்வி: ஏழு மாதமான எங்கள் பெண் நாய்க்குட்டியின் கீழ்க் கோரைப்பல் உட்பக்கம் சாய்ந்து மேலண்ணத்தில் குத்துகிறது. பல்லை நகர்த்தும் சாதனம் பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். அவசரகால நிதியை எடுப்பதா, ஓராண்டு சேமித்துவிட்டுச் செய்வதா? இப்போது காப்பீடு எடுத்தால் கிடைக்குமா? பின்னர் குட்டிகளை விற்றுச் செலவை ஈடுகட்ட முடியுமா?

பதில்: பல் வெறுமனே கோணலாக இருந்திருந்தால், அழகுக்காக ஒரு காசும் செலவிட வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். ஆனால் உங்கள் குட்டி வாயை மூடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பல்முனை அண்ணத்தில் ஒரே இடத்தில் அழுந்துகிறது. அங்கே சிவந்த குழி விழுந்து, நாளடைவில் மூக்குவரை துளையாகிவிட்டால், அதை அடைக்கத் தனி அறுவை சிகிச்சை தேவைப்படும். எனவே ஓராண்டு காத்திருப்பது சேமிப்பு ஆகாது. வலியும் செலவும்தான் கூடும். இளம் வயதில் பல்லை நகர்த்துவதும் எளிது.

பலர் கணக்கில் தவறுவது சாதனத்தின் விலையை மட்டும் பார்ப்பதால்தான். நாய் வாயைத் திறந்தபடி அசையாமல் இருக்காது என்பதால், அளவெடுக்கவும், பொருத்தவும், கழற்றவும் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரே, மறுபரிசோதனை, சாதனம் உடைந்தால் சரிசெய்யும் கட்டணம் ஆகியவையும் சேரும். இவை அனைத்தும் அடங்கிய மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். பல்லின் உயரத்தைக் குறைத்து, அதனுள் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்திசுவான கூழைப் பாதுகாக்கும் சிகிச்சைக்கும், பல்லை அகற்றுவதற்கும் அதேபோல் மதிப்பீடு கேளுங்கள். வலி தீர்வதே நோக்கம் என்பதால், பல் வரிசையாக அமையாவிட்டாலும் குறைந்த முறை மயக்கத்தில் முடியும் வழி உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். ஆயினும் கீழ்க் கோரைப்பல்லின் வேர் நீளமானது. அகற்றினால் தாடை பலவீனப்படுமா என்று கேட்காமல் மலிவானதைத் தேர்ந்துவிடாதீர்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, குறை ஏற்கெனவே மருத்துவக் குறிப்பில் பதிவாகிவிட்டதால் பெரும்பாலான பாலிசிகள் இதற்குப் பணம் தராது. மறைத்து எடுத்தால் பிற்காலக் கோரிக்கைகளும் நிராகரிக்கப்படலாம்.

குடும்பத்தின் மூன்று மாதச் செலவைத் தொடாமல் வைத்துவிட்டு, அதற்கு மேல் உள்ள நிதியைத் தயங்காமல் எடுங்கள். பற்றாக்குறைக்குச் சிகிச்சையின் கட்டங்களுக்கேற்ப வட்டியில்லாமல் பிரித்துச் செலுத்த முடியுமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போவது வேண்டாம்.

குட்டி விற்பனையை வரவில் சேர்க்கவே வேண்டாம், ஏனெனில் இக்குறை பரம்பரையாகத் தொடரக்கூடும். கருத்தடை செய்யும் எண்ணம் இருந்தால், அதையும் இதே மயக்கத்தில் முடிக்க இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இயலுமானால் ஒரு முறை மயக்கக் கட்டணம் மிச்சமாகும்.