நன்கொடை தருபவரை விசாரிக்க ஒரு வேலையா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

வணக்கம் ஐயா,

எம்.ஏ. வரலாறு முடித்த உங்கள் மகளுக்கு ‘டியூ டிலிஜென்ஸ் அனலிஸ்ட்’ என்று ஒரு வேலை வந்திருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பணம் தர வருகிறவர்களின் பின்னணியைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டுமாம். “காசு கொடுக்க வருகிறவரை விசாரிக்க ஓர் ஆளா? துப்பறியும் வேலை மாதிரி இருக்கிறதே, நாளைக்கு வம்பு வராதா? பேசாமல் பி.எட். சேர்த்துவிடட்டுமா?” என்று கேட்டிருந்தீர்கள். வம்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், இந்த வேலைக்கு ஏன் ஆள் தேடுகிறார்கள் என்று பார்ப்போம்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பெரிய பெயருள்ள இடம். லிபியாவை ஆண்ட கடாஃபியின் மகன் செயிஃப் அல் இஸ்லாம் அங்கே 2008இல் முனைவர் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டே, அவர் தலைமையில் இயங்கிய அறக்கட்டளை 15 லட்சம் பவுண்டு தருவதாகச் சொன்னது, பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்டது. ஏற்கக் கூடாது என்று எழுத்திலேயே எதிர்த்தவர் அங்கே பேராசிரியராக இருந்த ஃப்ரெட் ஹாலிடே. மத்தியக் கிழக்கைக் கரைத்துக் குடித்தவர். அவர் பேச்சு எடுபடவில்லை. 2011இல் லிபியாவில் கிளர்ச்சி வெடித்தபோது கைக்கு வந்திருந்ததோ 3 லட்சம் பவுண்டுதான். ஆனால் அந்த மார்ச்சிலேயே இயக்குநர் ஹோவர்ட் டேவிஸ் பதவி விலக வேண்டியதாயிற்று. ஹாலிடே அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 2010இலேயே காலமாகிவிட்டார். முன்னாள் தலைமை நீதிபதி வுல்ஃப் பிரபு விசாரித்து அந்த நவம்பரில் அறிக்கை கொடுத்தார். அறக்கட்டளைக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை ஒழுங்காக யாருமே பார்க்கவில்லை என்பது அதில் வெளிவந்தது.

அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கதை இதைவிட மோசம். ஜெஃப்ரி எப்ஸ்டீன் 2008இல் பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர். அவரிடமிருந்து எம்ஐடிக்கு வந்த 10 நன்கொடைகளில் 9, அந்தத் தண்டனைக்குப் பிறகு வந்தவை. இங்கே தகவல் தெரியாமல் இல்லை. தெரிந்தே, வெளியே பேசாமல் வாங்கினார்கள். இதை உங்கள் மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கண்டுபிடித்ததை யார் படிப்பார்கள், யார் முடிவெடுப்பார்கள் என்பது மீதிப் பாதி.

சரி, அன்றாடம் என்ன செய்வாள்? பெரும்பாலும் கணினி முன்னால் உட்கார்ந்து ஆவணம் படிப்பாள். இவர்களோடு பணத் தொடர்பு கூடாது என்று ஐ.நா., அமெரிக்கா, பிரிட்டன் வெளியிடும் தடைப் பட்டியல்களில் பெயர் இருக்கிறதா? நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார்? நீதிமன்ற வழக்கு உண்டா? நாளிதழ்களில் என்ன வந்திருக்கிறது? இந்திய நிறுவனம் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம், நீதிமன்ற வழக்கு விவரம் தரும் இ-கோர்ட்ஸ் தளம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவுகள். பிரிட்டிஷ் நிறுவனம் என்றால் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் இயக்குநர்களின் பெயரும் ஆண்டுக் கணக்கும் இலவசமாகவே கிடைக்கும்.

இதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. ‘எஸ். இளங்கோவன்’ என்று ஒரு நன்கொடையாளர் என்று வையுங்கள். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால் நிற்கும், இன்னோரிடத்தில் அப்பா பெயராக விரிந்து பின்னால் போய் நிற்கும். லண்டனில் இருக்கும் மென்பொருள் இரண்டு ஆட்களை ஒருவர் என்று சொல்லிவிடும், இல்லாவிட்டால் ஒருவரை இரண்டாக்கிவிடும். கம்பெனி இயக்குநர்களுக்கு அரசு தரும் அடையாள எண், தந்தை பெயர், வயது, ஊர் இவற்றை ஒட்டிப் பார்த்து “மோசடி வழக்கில் இருப்பவர் இவர் இல்லை, அதே பெயருள்ள வேறொருவர்” என்று எழுத, தமிழ்ப் பெயர்களோடு வளர்ந்தவரால்தான் சட்டென்று முடியும். மாவட்டப் பதிப்பில் மட்டும் வந்த தமிழ்ச் செய்தியைத் தேடிப் படிக்கவும் அப்படித்தான்.

வரலாறு படித்தது வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் எழுதிய ஆவணம், எப்போது, யாருக்குச் சாதகமாக என்று கேட்கப் பழகியவள் அவள். அந்தப் பழக்கம் வணிகவியல் பட்டதாரிகளுக்குத் தானாக வருவதில்லை. அவளுக்குக் குறைவது கணக்கறிக்கை வாசிக்கத் தெரிவது. அதை மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம். பணமோசடித் தடுப்புக்கான ‘காம்ஸ்’ சான்றிதழுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். அதை எழுதவே படிப்பு, அனுபவம் இவற்றுக்கான தகுதிப் புள்ளிகள் கேட்பார்கள். பிறகு வேலை தரும் இடமே கட்டணம் கட்டவும் கூடும்.

இங்கேயும் வாய்ப்பு இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவின்படி, லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய நிறுவனங்கள், பணம் போகும் தொண்டு நிறுவனத்தை ஆராய்ந்துதான் கொடுக்கின்றன. அதாவது விசாரணை இரண்டு பக்கமும் நடக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020 திருத்தத்துக்குப் பிறகு இறுகிவிட்டதால், தொண்டு நிறுவனங்களுக்கும் விவரம் தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது. இவை எதுவும் அமையாவிட்டாலும், சென்னையில் வெளிநாட்டு வங்கிகளின், வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் கேஒய்சி பிரிவுகள் இதே அனுபவத்தை மதிக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்று தனிப் பதவி அரிது. அதை நம்பி இறங்க வேண்டாம்.

இனி வம்பு. உண்மையான ஆபத்து அடியாள் வருவது இல்லை, அவசரமாக எழுதிய ஒரு வரி. முதல் தகவல் அறிக்கை வேறு, குற்றப்பத்திரிகை வேறு, தீர்ப்பு வேறு. “ஊழல்வாதி” என்று எழுதினால் அவதூறு. “2019இல் வழக்குப் பதிவானது, இன்னும் நிலுவையில் உள்ளது” என்று எழுதினால் அது தகவல். அப்புறம், பொய்ப் பெயரில் போன் செய்து விசாரி, போலிக் கணக்கில் நட்பாகிப் பார் என்று எந்த மேலாளர் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு வந்துவிடச் சொல்லுங்கள். முறையான நிறுவனங்கள் பொதுவில் கிடைப்பதையும், சந்தா கட்டிய தரவுத்தளங்களையும் வைத்துத்தான் வேலை செய்யும்.

சேருவதற்கு முன் மனிதவளப் பிரிவிடம் அவளே மூன்று கேள்விகள் கேட்கட்டும். நீங்கள் கேட்காதீர்கள், அது அவளுக்கு நல்லதல்ல. அறிக்கையை இரண்டாவது ஆள் சரிபார்ப்பாரா? வாடிக்கையாளர் ஒரு பத்தியை நீக்கச் சொன்னால் என்ன நடைமுறை? வழக்கு என்று வந்தால் ஊழியருக்குத் துணையாக நிறுவனம் நிற்கும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் தாராளமாகச் சேரட்டும். இரண்டாவதற்கு மழுப்பினால் வேறு இடம் பார்க்கலாம்.

பி.எட். இப்போதைக்கு வேண்டாம். ஆசிரியர் ஆக வேண்டும் என்று அவளுக்கே விருப்பம் இருந்தால் மட்டும் அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம். உங்கள் கடிதத்தில் அப்படி அவள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.