ஒரே பெயர் கொண்ட அமெரிக்கப் பிரபலங்களின் வாழ்க்கையில் ஏதாவது ஒற்றுமை உண்டா?

கேள்வியைப் பார்த்தால் வீட்டில் குழந்தைக்குப் பெயர் தேடுகிறீர்கள் போலிருக்கிறது. எனக்குப் பெயர் ராசியில் நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒரு பெயரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ஜெஸ்ஸி. நம்மூரில் அது பெண் பெயர். அங்கே ஆண்களுக்கு வைப்பார்கள். தமிழ் பைபிளில் தாவீதின் அப்பா ஈசாய் வருகிறாரே, அவர்தான்.

எட்டாம் வகுப்பில் நான் நீளம் தாண்டுவேன். பி.டி. வாத்தியார் ஜெஸ்ஸி ஓவன்ஸ் கதையைச் சொல்லித்தான் மணலில் இறக்குவார். 1935 மே 25 அன்று முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனைகள், நான்காவது ஒன்று சமன். அன்று தாண்டிய 8.13 மீட்டர் 25 வருடம் அப்படியே நின்றது. அடுத்த வருடம் பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம். இதெல்லாம் வாத்தியார் சொன்னது. ஊர் திரும்பிய ஓவன்ஸ் பிழைப்புக்காகக் குதிரையோடு பந்தயம் ஓடியதை அவர் சொல்லவில்லை. அந்த ஆள் பிறக்கும்போது ஜெஸ்ஸியே இல்லை என்பதையும் சொல்லவில்லை.

பெற்றோர் வைத்தது ஜேம்ஸ் கிளீவ்லாண்ட். வீட்டில் ஜே.சி. அலபாமாவிலிருந்து ஒன்பது வயதில் கிளீவ்லாண்ட் நகரத்துக்கு வந்தார்கள். புதுப் பள்ளியில் டீச்சர் பெயர் கேட்க, பையன் தெற்கத்தி இழுப்பில் "ஜே.சி." என்றான். டீச்சர் காதில் விழுந்தது ஜெஸ்ஸி. அதையே பதிவேட்டில் எழுதினார். அவ்வளவுதான்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நான் இசக்கிமுத்து. குலசாமி பெயர். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர், "அதெல்லாம் பழைய பெயருய்யா" என்று முத்துக்குமார் என எழுதிவிட்டார். பிறந்த தேதியும் அவர் போட்டதுதான், அது வேறு கதை. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். அவர் நல்ல மனிதர், மதியம் தன் சாப்பாட்டில் எனக்கும் பங்கு கொடுத்தவர்.

மற்ற ஜெஸ்ஸிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெஸ்ஸி வெஞ்சுரா, மல்யுத்த வீரர், பிறகு 1999 முதல் 2003 வரை மினசோட்டா கவர்னர். இவரும் பிறப்பில் ஒரு ஜேம்ஸ்தான், ஜேம்ஸ் ஜானோஸ். ஜெஸ்ஸி வெஞ்சுரா என்பது கோதாவுக்காக வைத்துக்கொண்ட பெயர். 1984, 1988 இரண்டு முறையும் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற ஜெஸ்ஸி ஜாக்சனுக்கு ஜெஸ்ஸி பிறவியிலேயே உண்டு. ஆனால் ஜாக்சன் என்பது தத்தெடுத்த மாற்றாந்தகப்பன் பெயர். கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ்தான் பிறப்பிலிருந்து முழுப் பெயரும் சொந்தமாக இருந்தவன். அவனோ கடைசிக் காலத்தில் தாமஸ் ஹாவர்ட் என்ற பெயரில் ஒளிந்திருந்தான். 1882 ஏப்ரலில், சொந்தக் கூட்டாளியே வீட்டுக்குள் வைத்துப் பின்னாலிருந்து சுட்டான்.

ஆக, ஒற்றுமை உண்டா என்றால், ஓட்டக்காரன், பயில்வான், அரசியல்வாதி, திருடன், இதில் என்ன ஒற்றுமையைத் தேடுவது? பெயர் விஷயத்தில் நாலு பேருக்கும் ஏதோ ஒரு குளறுபடி, அதுதான் கண்ணில் படுகிறது. நாலு பேரை வைத்துக்கொண்டு சட்டம் பேசுகிறாயா என்று கேட்டால் பதில் இல்லை.

ஓவன்ஸாவது ஜெஸ்ஸியாகவே இருந்து பேர் வாங்கிவிட்டார். அப்பா போனபிறகு வாரிசுச் சான்றிதழுக்கு நான் அலைந்தது எனக்குத்தான் தெரியும். ரேஷன் கார்டில் இசக்கிமுத்து, சான்றிதழில் முத்துக்குமார். "இரண்டு மகன்களா?" என்று கேட்டார்கள். ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரி, பத்திரம், இரண்டு சாட்சி. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சாட்சியின் இனிஷியல் தப்பு என்று திருப்பிவிட்டார்கள். ஆயிற்று நாலு வருடம். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.