எதிரே வருபவர் ஹைபீமை இறக்காவிட்டால்?

வணக்கம். மன்னார்குடி–திருவாரூர் சாலையில் இரவில் எதிர் வண்டிகள் கண்ணைக் கூசவைக்கின்றன, பதிலுக்கு நீங்களும் ஹைபீம் போடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் தயவுசெய்து அந்தப் பழிவாங்கலை இன்றோடு விட்டுவிடுங்கள். கண் இரண்டு நொடி கூசினாலும், மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் அதற்குள் 33 மீட்டர் கடந்துவிடும். அவ்வளவு தூரமும் இருவருமே பார்வையின்றி ஓட்டுகிறீர்கள். நடுவில் பின்விளக்கு இல்லாத ஒரு சைக்கிள் போனால் என்ன ஆகும்? வயலிலிருந்து வீடு திரும்புகிறவர்களை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

ஒருமுறை மட்டும் டிம் செய்து காட்டுங்கள். கேட்காவிட்டால் முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டுக்கு மாற்றுங்கள். கோடு அழிந்த இடத்தில் தார் முடியும் விளிம்பைப் பாருங்கள். முன்கண்ணாடியின் உட்புறத்தையும் துடையுங்கள். அங்கே படியும் மெல்லிய அழுக்குதான் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கூச்சத்தைப் பெருக்குகிறது, பலர் வெளிப்புறத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் வருபவரின் வெளிச்சத்துக்கு, நடுக்கண்ணாடியின் அடியிலுள்ள சிறு நெம்புகோலைத் தள்ளினால் போதும்.

டிக்கியில் நெல் மூட்டை ஏற்றுவதாகச் சொன்னீர்கள். பின்பக்கம் தாழ்ந்தால் உங்கள் டிம் விளக்கே எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். விளக்கு வெளிச்சத்தின் உயரத்தைக் குறைக்கும் சிறு சக்கரம் ஸ்டியரிங் அருகே இருக்கிறதா என்று பாருங்கள்.