ராஜாவை வெட்டலாமா?

கேள்வி: எங்கள் செஸ் கிளப்பின் வருடாந்திர ரேபிட் (குறைந்த நேர விரைவு ஆட்டம்) போட்டியில் எதிராளி தன் ராஜா செக்கில் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டார். நான் அந்த ராஜாவை வெட்டி, ஜெயித்துவிட்டேன் என்றேன். நடுவர் ஏற்கவில்லை. சரியா?

பதில்: நடுவர் பக்கம்தான் நியாயம். ராஜாவை வெட்டுவதையே ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதி அனுமதிப்பதில்லை. இந்தப் பழக்கம் திண்ணை ஆட்டத்தில் வந்தது, அங்கேயே இருக்கட்டும்!

நீங்கள் அடுத்த காயைத் தொடாமல், கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் நகர்த்திவிட்டால் முறையிடும் உரிமை போய்விடும். ரேபிடில் நகர்வுகளை எழுத வேண்டிய கட்டாயமில்லை. அப்புறம் எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

நடுவர் அந்த நகர்வைத் திருப்பி, உங்களுக்கு 2 நிமிடம் கூடுதலாகத் தருவார். ஓர் ஆட்டக்காரருக்கு 15 நிமிடம் மட்டுமே இருக்கும் போட்டியில் அது பெரிய வரம். எதிராளி தொட்ட காயாலேயே செக்கைத் தீர்க்க முடிந்தால், அதையேதான் ஆடியாக வேண்டும். அவர் ராணியைக் கொடுத்துத் தப்பிக்க நேர்வதும் உண்டு. அதே ஆட்டத்தில் இரண்டாவது முறையும் விதிமீறி நகர்த்தினால் பெரும்பாலும் தோல்விதான்.

கடிகாரத்தை அழுத்தும் முன்பே அவர் சுதாரித்துக்கொண்டால் அபராதம் கிடையாது. ஆகவே அவசரப்பட்டுக் கத்தாதீர்கள், அவர் அழுத்தட்டும்.